நல்ல ஊசியாப் போடுங்க

திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்குக் காய்ச்சல் என்பது டீ டைமுக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் நடுவில் முடித்துக்கொள்ள வேண்டிய ஒரு சோலி. லீவு போட்டுப் படுத்துக் கிடப்பதெல்லாம் வாத்தியார்களுக்கும் பேங்க்காரர்களுக்கும் உண்டானது. எங்களுக்கு ஊசி இருக்கிறது. தலைவலியா, ஊசி. இடுப்புப் பிடிப்பா, ஊசி. கல்யாணத்துக்குப் போய் வந்த அலுப்பா, அதற்கும் ஒன்று. ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் டாக்டர் ஒருவர் இருக்கிறார். எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் அவரை நம்பித்தான் உடம்பை வைத்திருக்கிறோம். உள்ளே போனதும் எங்கே வலிக்கிறது என்று காட்டுவோம். அதற்கடுத்த பேச்சு எல்லோருக்கும் ஒன்றுதான்: "நல்ல ஊசியாப் போடுங்க சார், நாளைக்கு வேலைக்குப் போகணும்." அவரும் போடுவார். அதில் என்ன மருந்து என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் மரியாதையா இருக்குமா? சோறு போடுகிறவளிடம் இதில் என்னத்தைப் போட்டாய் என்று கேட்கிற மாதிரி.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோட்டு போட்ட மூன்று பேர் கம்ப்யூட்டர் திரையிலிருந்து என்னிடம் இதையேதான் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அன்றைக்கு எனக்குச் சொல்ல வரவில்லை. இப்போது நன்றாக வருகிறது, கேட்கத்தான் ஆள் இல்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அப்பாவும் அம்மாவும் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நான் இங்கேயே பிறந்தவள். வீட்டில் தெற்கத்திப் பேச்சு, கம்பெனிக்குள் போனால் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க'. அப்பா இப்போது இல்லை. அம்மா கைமடி வேலை பார்க்கிறாள். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து வைக்கிற வேலை. நான் செக்கிங். தைத்து வந்த பனியனை மேஜைமேல் விரித்து ஓட்டை இருக்கிறதா, கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பேன். நாள் முழுக்க நின்ற கால்தான். நான் பார்த்து அனுப்புகிற பனியனெல்லாம் வெளிநாடு போகிறது. நான் கேரளாவைத் தாண்டியதில்லை.

ஓடுவது எப்படி வந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் வேகமாக ஓடுகிற பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அவர்களெல்லாம் சீக்கிரம் நின்றுவிடுவார்கள், நான் நிற்கமாட்டேன். அவ்வளவுதான் வித்தியாசம். வேலைக்கு வந்த பிறகும் விடவில்லை. விடியுமுன் எழுந்து கம்பெனி வேன்கள் கிளம்புவதற்கு முன்னால் ஓடி முடித்துவிடுவேன். நாய் குரைக்கும், நாய்க்குச் சொந்தக்காரர் சிரிப்பார். அம்மாவுக்கு இது பெரிய ரோதனை. "ஏட்டி, எவன் தொரத்துதான்னு இந்த ஓட்டம் ஓடுத? மனுசன் ஒறங்குத நேரத்துல" என்பாள். சொல்லிக்கொண்டே சூடாகக் கஞ்சி வைத்திருப்பாள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நாட்டின் பெயர் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு வேறொரு நாட்டில் ஒரு தடவை ஓட வேண்டும். ஜெயிக்க வேண்டும் என்றுகூட இல்லை. கோயம்புத்தூரில் எனக்கு ஒரு கோச் இருந்தார். முன்னாள் ஓட்டக்காரி, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரில் போவேன், மற்ற நாளெல்லாம் போனில்தான். அவர்தான் சொன்னார், பத்தாயிரம் மீட்டரில் எனக்கு ஆசியப் போட்டி வரைக்கும் போக வாய்ப்பு இருக்கிறது என்று. தேர்வு ஓட்டத்தில் முதல் இரண்டு இடத்துக்குள் வர வேண்டும். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு வேறு யோசனையே கிடையாது. மேஜையில் பனியனைப் புரட்டும்போதும் சுற்றைத்தான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

கோச் ஒரு விஷயத்தில் பிசாசு. "என்கிட்டக் கேக்காம ஒரு மாத்திரை தொடக்கூடாது. இருமல் டானிக்கூட ஆகாது" என்று சொல்லிவைத்திருந்தார். நான் தொடவில்லை. தலைவலி வந்தால் ஈரத்துணி கட்டிக்கொண்டு கிடப்பேன். சளிக்கு அம்மா சித்தரத்தைக் கஷாயம் வைத்தபோது, அந்தச் சித்தரத்தையைப் போட்டோ எடுத்துக் கோச்சுக்கு அனுப்பிக் கேட்டேன். "அடியே, அதக் குடிச்சுத் தொலை" என்று பதில் வந்தது. அவ்வளவு பயந்தவள் நான். இதைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

தேர்வு ஓட்டம் கேரளாவில், ஒரு சனிக்கிழமை. வியாழக்கிழமை இரவு ரயில். அந்த வாரம் பார்த்துக் கம்பெனியில் ஷிப்மெண்ட். ஷிப்மெண்ட் என்றால் எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குக்கூட அரை மணி நேரம்தான் விடுவார்கள். நான் லீவு கேட்டிருந்ததால், போவதற்குள் என் பங்கை முடித்துக் கொடுக்கிறேன் என்று ஒன்றரை ஷிப்டு நின்றேன். நிற்க நிற்க இடது குதிகால் வீங்கியது. புதன்கிழமை காலையில் காலை ஊன்ற முடியவில்லை. சொன்னால் கோச் ஓட வேண்டாம் என்று விடுவாரோ என்ற பயத்தில் அவரிடம் மூச்சு விடவில்லை.

எங்கள் செக்கிங் செக்‌ஷனுக்கு ஓர் அக்கா சூப்பர்வைசர். இந்த ஊர்க்காரர். தோட்டங்காடு விற்றுப்போய் வேலைக்கு வந்தவர். வாய் நீளம், மனசு அதைவிட நீளம். நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "ஏன் அம்மிணி, இந்தக் காலை வெச்சுட்டா நீ ஓடப் போறே? ஆசியா என்ன, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் போகமாட்டே. வா, சித்த நேரத்துல ஒரு ஊசி போட்டுட்டு வந்துரலாம்" என்றார். டீ டைமில் தன் ஸ்கூட்டியில் உட்காரவைத்துக்கொண்டு போனார். சந்தில் கூட்டம். "ஊசி மட்டுந்தானுங்க" என்று அக்கா சொன்னதும் வழி விட்டார்கள்.

டாக்டர் குதிகாலை அழுத்திப் பார்த்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், நிதானமான மனிதர். "என்ன கண்ணு, நாளைக்கு வேலையா?" என்றார்.

"இல்லீங்க சார், சனிக்கிழமை பெரிய ஓட்டம் இருக்குதுங்க. ஜெயிச்சா வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க. நோவே தெரியாத மாதிரி நல்ல ஊசியாப் போடுங்க."

"அப்படியா! போட்டர்றேன் சாமி" என்றார். போட்டார். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பனியன் பீஸைப் பார்த்தேன். டீ ஆறியிருந்தது, அதையும் குடித்தேன்.

ஊசி மாத்திரையில் சேராது என்று நான் நினைத்ததாகச் சொன்னால் அது பொய். நினைக்கவே இல்லை. இன்றைக்கு எத்தனை தடவை தண்ணீர் குடித்தாய் என்று கேட்டால் எப்படி ஞாபகம் இருக்காதோ, அப்படித்தான் அதுவும் என் மண்டையில் ஏறவில்லை. மறுநாளே வீக்கம் வற்றிவிட்டது. சனிக்கிழமை எனக்குக் குதிகால் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. இருபத்தைந்து சுற்று. பாதிக்கு மேல் நான்கு பேர்தான் முன்னால் இருந்தோம். கடைசிக்கு முந்தின சுற்றில் ஒருத்தி நின்றேவிட்டாள், இன்னொருத்தி பின்தங்கினாள். நான் இரண்டாவதாக வந்தேன். கோடு தாண்டியதும் கோச் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். என் ஆயுசில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

அப்புறம் ஓர் அம்மா வந்து சோதனைக்குச் சிறுநீர் வேண்டும் என்றார். கழிப்பறைக்குள்ளும் கூடவே வந்து பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. பெரிய ஆட்களுக்குத்தான் இதெல்லாம் எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கடந்த ஏழு நாளில் மருந்து ஏதாவது எடுத்தாயா என்று கேட்டார். "இல்லீங்க" என்றேன். எவ்வளவு தெளிவாகச் சொன்னேன் தெரியுமா. கோச்கூடப் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

ஊருக்குத் திரும்பினால் கம்பெனி வாசலில் எனக்கு ஃபிளெக்ஸ். முதலாளி வைத்தது. 'ஆசியப் போட்டிக்குச் செல்லும் எங்கள் வீராங்கனையை வாழ்த்துகிறோம்' என்று எழுதி, என் பஸ் பாஸ் போட்டோவை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். போட்டோவில் எனக்கு ஒரு கண் சின்னது. செக்கிங்கில் எல்லோரும், "பீஸ் டேமேஜ், திருப்பி அனுப்பு" என்று அதைக் காட்டிச் சிரித்தார்கள். அக்கா பூசணிக்காய் சுற்றி உடைத்தார். அம்மா அந்த ஃபிளெக்ஸைப் பார்ப்பதற்காகவே தன் கம்பெனியிலிருந்து சுற்றுவழியாக வந்து போனாள்.

ஒரு மாதம் கழித்து, நான் மேஜையில் நிற்கும்போது கோச் கூப்பிட்டார். எடுத்ததும், "நீ என்னத்தடி எடுத்தே?" என்றார். குரலே அவருடையது மாதிரி இல்லை. சோதனையில் ஸ்டீராய்டு என்று வந்திருக்கிறது, என்ன எடுத்தாய், யார் கொடுத்தார்கள், என்னை ஏமாற்றிவிட்டாயே என்றார். நான் எதுவுமே எடுக்கவில்லை என்றேன். சத்தியம் பண்ணினேன். அம்மா மேலே சத்தியம் பண்ணினேன். அப்போதும் எனக்கு ஊசி ஞாபகத்துக்கு வரவில்லை. போனை வைத்துவிட்டு அக்காவிடம் சொன்னேன். அவர்தான் கையில் இருந்த பீஸைக் கீழே வைத்துவிட்டு, "அம்மிணி, அந்த ஊசி?" என்றார்.

இடி விழுந்தது, உலகம் சுற்றியது என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பனியனை எடுத்து விரித்தேன். கழுத்தில் தையல் விட்டிருந்தது. ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைத்தேன். அன்றைக்குச் சாயந்திரம் வரை நான் ஒரு பீஸைக்கூடத் தவறவிடவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் என்னைப் பார்த்துப் பயந்தார்கள் என்று அக்கா பிறகு சொன்னார். மரத்துப்போன காலைத் தட்டிப் பார்ப்போமே, அதுபோல நானும் மனசைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. அம்மாதான் அழுதாள். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

முதலாளி திட்டவில்லை. "என்னுங்க அம்மிணி இப்படி ஆயிப்போச்சு" என்று மட்டும் சொன்னார். ரெண்டு நாளில் ஃபிளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். மழைக் காலம் என்பதால் வாட்ச்மேன் அதைத் துணி ரோல்கள்மேல் மூடிக் கட்டினார். நல்ல கெட்டி ஃபிளெக்ஸ், ஒழுகவில்லை. போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போவேன். பழகிவிட்டது.

கோச்சுக்குக் கோபம் ஆறிய பிறகு ஒரு வக்கீலைப் பிடித்தார். அவர் போனில் எனக்கு எல்லாவற்றையும் விளக்கினார். தேர்வு ஓட்டத்தில் வாங்கிய இடம் போனது போனதுதான். ஆனால் வேண்டுமென்று செய்யவில்லை, விவரம் தெரியாமல் நடந்தது என்று விசாரணைக் குழு நம்பினால் தடையைச் சில மாதத்தோடு முடித்துவிடுவார்கள். கடைசியாக இன்னொரு தேர்வு ஓட்டம் பாக்கியிருக்கிறது. அதில் ஓடி ஆசியப் போட்டிக்குப் போய்விடலாம். நம்பவில்லை என்றால் இரண்டு வருடம். ஊசி போட்ட டாக்டர் வந்து சொன்னால்தான் நம்புவார்கள். மருந்துச் சீட்டு கிடையாது, பில் கிடையாது, டாக்டர் வாய் ஒன்றுதான் சாட்சி.

அக்காவும் நானும் போனோம். பழியை நம் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று துரத்திவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே, எனக்கு இந்த ரூலெல்லாம் தெரியாது கண்ணு. நான்தான் போட்டேன், நானே வந்து சொல்றேன். எங்க வரணும், எப்ப வரணும், சொல்லு" என்றார். இந்தக் காலத்தில் எந்த டாக்டர் அப்படிச் சொல்வார்? அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வக்கீலிடம் சொன்னபோது அவரும் சந்தோஷப்பட்டார். ஆனால் ஒன்றை அழுத்திச் சொன்னார். "டாக்டர்கிட்டச் சொல்லி வைங்க. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். 'கால் வலின்னு வந்தாங்க, எல்லாருக்கும் போடுற ஊசியப் போட்டேன்.' அதோட நிறுத்திடணும். ஓட்டப்பந்தயம்ங்கற பேச்சே அவர் வாயிலிருந்து தானா வரக்கூடாது. பந்தயத்துக்காகக் கேட்டு வாங்கின ஊசின்னு ஆயிடுச்சுன்னா முடிஞ்சுது." நான் சரி என்றேன்.

மறுபடி கிளினிக்குக்குப் போனோம். உள்ளே உட்கார்ந்தோம். டாக்டர் விசாரணைக்கு எந்தச் சட்டை போட்டு வருவது என்று கேட்டார். தன் மகனும் பள்ளிக்கூடத்தில் ஓடியவன்தான் என்றார். வக்கீல் சொன்னதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், 'அப்படீங்களா' என்றுதான் வந்தது. ஒரு டாக்டரைப் பார்த்து, நீங்கள் இதைச் சொல்லுங்கள், இதைச் சொல்லாதீர்கள் என்று செக்கிங்காரி சொல்வதா? அதுவும் நமக்காக வேலையை விட்டு வருகிற மனிதரிடம்? அக்காவை முழங்கையால் இடித்தேன். அக்கா என்னை இடித்தார். கடைசியில் அக்கா தனக்குத் தோள்பட்டை வலி என்று சொல்லி ஓர் ஊசி போட்டுக்கொண்டார். இருவரும் எழுந்து வந்துவிட்டோம்.

வெளியே வந்து, "நீங்க சொல்லியிருக்கலாமில்லீங்க்கா" என்றேன்.

"நானா? டாக்டருக்கே பாடம் எடுக்கறதாட்டம் இருக்கும் அம்மிணி. அவரு படிச்ச மனுசன், எதைச் சொல்லோணும்னு அவருக்குத் தெரியாதா?" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

விசாரணை வீடியோவில் நடந்தது. முதலாளி தன் கான்ஃபரன்ஸ் ரூமைத் திறந்துவிட்டார். பனியன் வாங்குகிற வெளிநாட்டு பையர் வந்தால் உட்காருகிற ரூம். ஏசி, நீள மேஜை, சுவரில் சாம்பிள் பனியன்கள். டாக்டர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். திரையில் கோட்டு போட்ட மூன்று பேர், எங்கள் வக்கீல், சோதனை எடுத்தவர்களுக்காக வாதாடுகிற எதிர்த்தரப்பு வக்கீல், மொழிபெயர்க்க ஒரு பெண். அந்தப் பெண் டிவியில் செய்தி வாசிக்கிற தமிழில் கேட்டாள்.

"அந்த ஊசியில் என்ன மருந்து இருக்கிறது என்று நீங்கள் மருத்துவரிடம் கேட்டீர்களா?"

"இல்லீங்க."

"ஏன் கேட்கவில்லை?"

"கேக்கமாட்டோமுங்க."

"சோதனையின்போது எந்த மருந்தும் எடுக்கவில்லை என்று கூறியிருக்கிறீர்கள். மூன்று நாட்களுக்கு முன் போட்ட ஊசி உங்கள் நினைவுக்கு வரவில்லையா?"

"வரலீங்க."

அவள் அதை இங்கிலீஷில் சொன்னபோது எனக்கே அது பொய் மாதிரிதான் கேட்டது. கோட்டுக்காரர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கெட்ட பார்வை என்று சொல்ல முடியாது. புரியாத பார்வை.

பிறகு டாக்டரின் முறை. எங்கள் வக்கீல் கேட்டதற்கெல்லாம் அளவாகப் பதில் சொன்னார். ஆமாம், நான்தான் போட்டேன். ஆமாம், ஸ்டீராய்டு கலந்ததுதான். எல்லோருக்கும் போடுவதுதான். எனக்கு மூச்சு வந்தது. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் அவருக்கு என்மேல் பிரியம். என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லாமல் எழுந்துபோக அவருக்கு மனசு வரவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லிக்கறேனுங்க. ரொம்ப நல்ல புள்ளைங்க. தப்பான எண்ணத்துல வரலைங்க. 'சனிக்கிழமை பெரிய ஓட்டம் இருக்குதுங்க, ஜெயிச்சா வெளிநாடு போலாம், நோவே தெரியக்கூடாது, நல்ல ஊசியாப் போடுங்க'ன்னு வாயைத் தொறந்து உள்ளதச் சொல்லுச்சுங்க. ஒண்ணும் மறைக்கலைங்க. அதனாலதான் நானும் கொஞ்சம் ஸ்ட்ராங்காவே போட்டேனுங்க."

திரையில் எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். மொழிபெயர்க்கிற பெண் அத்தனையையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். அவள் வேலை அது. எதிர்த்தரப்பு வக்கீல், வேறு கேள்வி இல்லை என்றார்.

கேட் வரைக்கும் டாக்டரோடு நடந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "ராத்திரியெல்லாம் தூக்கமில்லை கண்ணு. இப்பத்தான் மனசு லேசாச்சு. மறைக்காமச் சொல்லிட்டோமில்ல, இனி உனக்கு ஒண்ணும் ஆகாது. தைரியமா இரு."

"சரிங்க சார். ரொம்ப நன்றிங்க" என்றேன். கும்பிட்டேன். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். நான் உள்ளே போய் மிச்சமிருந்த பீஸைப் பார்த்தேன்.

இரண்டு வருடம் என்று தீர்ப்பு வந்தது. கோச் போன் செய்து சொன்னார். "சரிங்க" என்றேன். "சரிங்கவா? அழுடி, கத்துடி, எதாச்சும் பண்ணு" என்றார். பண்ண ஒன்றும் வரவில்லை. விடியுமுன் எழுந்து ஓடுவதை யாரும் தடுக்கவில்லை, ரோடு எல்லோருக்கும் பொது. ஆனால் முழிப்பு வந்தாலும் படுத்தே கிடந்தேன். முன்பெல்லாம் ஏன் ஓடுகிறாய் என்று கேட்ட அம்மா, "ஏட்டி, ஒரு எட்டுப் போயிட்டுத்தான் வாயேன்" என்று கெஞ்சினாள். என் செருப்புக்குப் பக்கத்தில் ஷூவை எடுத்து எடுத்து வைத்தாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். யாராவது ஏன் ஓடுவதில்லை என்று கேட்டால் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அதுகூட வரவில்லை. எனக்கு இயல்பிலேயே மூக்குக்கு மேலே கோபம், அதைக் காணாமல் நானே தேடினேன்.

ஆசியப் போட்டி நடந்த அன்று பேக்கிங்கில் ஒரு பையன் போனில் பார்த்துச் சொன்னான். எனக்குப் பதிலாகப் போனவள் எட்டாவதாக வந்திருந்தாள். தேர்வு ஓட்டத்தில் கடைசிக்கு முந்தின சுற்றில் பின்தங்கினவள்தான். நல்ல ஓட்டக்காரி, அவள்மேல் எனக்கு ஒன்றுமில்லை. எட்டாவதா என்று கேட்டுக்கொண்டேன். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு நாள் அக்கா என் பக்கத்தில் வந்து நின்று ரொம்ப நேரம் நூலை வெட்டிக்கொண்டிருந்தார். "அம்மிணி, டாக்டர்கிட்டத் தோளைக் காட்டப் போயிருந்தேன். உன்னைக் கேட்டாரு. வெளிநாடு போயிட்டு வந்துருச்சான்னு கேட்டாரு. அந்த மனுசன் மூஞ்சியைப் பாத்து, உங்க வாயாலதான் கெட்டுதுன்னு எப்புடிச் சொல்றது? போயிட்டு வந்துட்டாளுங்கன்னு சொல்லிப்போட்டேன்" என்றார். நான் திட்டுவேன் என்று காத்திருந்தார். "சரிங்க்கா" என்றேன்.

அந்த மாதமே அம்மாவுக்குக் காய்ச்சல். வேறு டாக்டரிடம் போகலாம் என்றால் கேட்கவில்லை. "அவரு ஊசி போட்டாத்தான் எனக்கு நிக்கும்" என்று ஒரே பிடிவாதம். வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்துக்குப் பின்னால் நின்றோம். திரையை விலக்கி அடுத்த ஆளைக் கூப்பிட வந்த டாக்டர் என்னைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அட, வா கண்ணு, வா! போயிட்டு வந்துட்டியாமா? அக்கா சொல்லுச்சு. எத்தனாவது வந்தே?"

அம்மா வாயைத் திறந்தாள். "எங்க சார் போனா இவ…" என்று ஆரம்பித்துவிட்டாள். நான் அவள் காலை மிதித்தேன்.

"எட்டாவதுங்க" என்றேன். வேறு எந்த எண்ணும் வாயில் வரவில்லை.

"எட்டாவதா! ஆசியாவுலயா!" அவர் என் தோளைப் பிடித்துக் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினார். "ஏனுங்க, எல்லாரும் இங்க பாருங்க. இது நம்மூருப் புள்ளைங்க. ஆசியாவுலயே எட்டாவதா ஓடியிருக்குது. போறதுக்கு முன்னாடி கால் நோவுன்னு இங்கதான் வந்துச்சு. நாந்தான் ஊசி போட்டு ஓட்டத்துக்குத் தாட்டி உட்டேன்."

பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். காய்ச்சலோடு உட்கார்ந்திருந்த ஒரு டெய்லர் கை தட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அத்தனை மாதமும் எங்கே இருந்ததோ தெரியவில்லை, மொத்தமாக வந்தது. நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. அம்மாவின் மேல் சாய்ந்துகொண்டு, அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டு அழுதேன். நர்ஸ் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

டாக்டர் அவளைக் கையமர்த்தினார். "விடும்மா, சந்தோஷத்துல அழுவுது. அழுவட்டும்" என்றார்.